சுவர் தாண்டி வந்த கேள்விகள்

லயத்துக் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அத்தோடு போதும் என்று நின்றுவிடும். சுவரின் தலைக்கும் தகரக் கூரைக்கும் நடுவே வெறும் இருட்டு. கட்டிய வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடித்தானோ, புகை போக வழி வேண்டும் என்று நினைத்தானோ, அவனுக்கே வெளிச்சம். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்வதானால், லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய ஒற்றை அறைகள்; அந்த அறையைத்தான் நாங்கள் காம்பரா என்போம். ஒரு காம்பராவில் கருவாடு பொரித்தால் வரிசை முழுவதும் வாயூறும். ஒரு பிள்ளை தும்மினால் மூன்றாவது காம்பராவிலிருந்து யாராவது "நூறு" என்பார்கள். சுவரைத் தாண்டிக் கை எட்டாது, சத்தம் எட்டும். அப்படி எட்டிய ஒரு சத்தம்தான் என்னை எழுத்தாளனாக்கியது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். "இவளையும் கொன்னுட்டியா தம்பி?" என்று அது கேட்கும்.

அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரி எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா. எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். புருஷன் கொழும்பில் ஏதோ கடையில் வேலை பார்த்தார், மாதத்துக்கு ஒரு தடவை வந்துபோவார். கைப்பிள்ளையோடு அக்கா தனியாக இருந்தாள். தனியாக இருந்ததால்தானோ என்னவோ அவளுடைய வாய்க்குக் கதவே கிடையாது. கங்காணியைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், அடுப்பில் ஏறாத ஈர விறகைத் திட்டுவாள். யாருக்கும் அவள் மேல் கோபம் வந்ததாக நினைவில்லை. அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன்தான். படித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் வேலையும் கிடைத்து, அப்பா விட்டுப்போன காம்பராவிலேயே குடித்தனம் தொடங்கினேன். மனைவி பூனாகலைக்காரி. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அக்காவின் பிள்ளையும் பகல் முழுவதும் அவள் மடியில்தான் கிடக்கும்.

அப்போது நான் வெறிபிடித்தவனாக எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டிமேல் தாளை வைத்து எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எழுதியதை, பொழுது சாய்ந்து சாப்பிட்ட பிறகு, லாம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மனைவிக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டு கேட்பாள். வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், "நல்லா இருக்குங்க" என்பாள். அவ்வளவுதான். எதை வாசித்தாலும் அதே வார்த்தை. பாவம், அவளுக்கு இதிலெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு கதையை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம். மறுநாள் நான் தாளை எடுக்கும் சரசரப்புக் கேட்டதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா தொடங்கிவிடுவாள்.

"ஏன் தம்பி, நேத்து வாசிச்சியே, அந்தப் புள்ள ஆத்துல விழுந்து செத்துப்போச்சே. அதுக்கு முன்னாடி வாசிச்சதுல ஒருத்தி மருந்தக் குடிச்சா. உன் கதையில பொம்பளைங்க எல்லாம் ஏன் வாயத் தொறக்காமலே சாகுறாங்க? ஒருத்தியாவது நாலு வார்த்தை ஏசிப்புட்டுச் சாகக்கூடாதா?"

லயம் முழுவதும் சிரிக்கும். எனக்கு முகம் சுண்டிப்போகும். சிரிப்பு அடங்கிய பிறகு அந்தக் கேள்வி மட்டும் போகாமல் என் தலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் அந்தப் பெண்ணை ஆற்றிலிருந்து கரையேற்றுவேன். அவளைப் பேச வைப்பேன். அவள் பேசத் தொடங்கியதும் கதை என்னை விட்டுவிட்டுத் தானாகவே ஓடும். எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை. அக்கா அன்றிரவே கேட்காமல் எப்போதும் மறுநாள்தான் கேட்கிறாளே என்பதைக்கூட நான் கவனித்திருந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டே பகல் முழுவதும் என் கதையைப் பற்றி யோசித்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு கதையைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு தாய் தன் மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புகிறாள். பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு, ரயில் வளைவில் மறையும்வரை அழுதுகொண்டு நிற்கிறாள். அத்தோடு கதை முடிந்தது. மழை, புகை, விசில், கண்ணீர் என்று எல்லாவற்றையும் போட்டு நன்றாகத் தாளித்திருந்தேன். வாசித்து முடித்தபோது மனைவி வழக்கமான வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கதை அப்படி அவளை உலுக்கிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"அவ அழுதாங்கிற, சரி. அழுதுட்டு அங்கயேவா நிப்பா? வீட்டுக்கு வந்திருப்பால்ல. வந்து என்ன செஞ்சா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. கதை முடிந்த பிறகு அவள் வீட்டுக்கு வந்தால் என்ன, வராவிட்டால் எனக்கென்ன என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனாலும் அந்தத் தாயோடு ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் ஏறி, இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நடந்து, மனதுக்குள் நானும் அவள் காம்பராவுக்குப் போனேன். அவள் அடுப்பை மூட்டினாள். எப்போதும் போடும் அளவு மாவைப் போட்டு ரொட்டி தட்டினாள். மகளின் பங்கு மிஞ்சியிருந்தது. அதையும் எடுத்துச் சாப்பிட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு வயிறு நிறைந்தது. வயிறு நிறைந்ததை உணர்ந்த பிறகுதான் அவள் உண்மையில் அழுதாள். மறுநாள் அதை அப்படியே எழுதினேன். அன்று இரவு அதை வாசித்தேன். மறுநாள் அக்கா, "அது சரி தம்பி. அப்படித்தான் இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அவள் என் எழுத்தை ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். கொழும்புப் பத்திரிகையொன்றின் ஞாயிறு இதழில் அந்தக் கதை வந்தது. பிற்பாடு புத்தகத்திலும் வந்தது. இன்றைக்கும் யாராவது என்னைப் பற்றிப் பேசுவதென்றால் அந்த ரொட்டியைத்தான் பேசுவார்கள்.

பிறகு ஹாலிஎலவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது. பதுளை டவுனுக்கு வெளியே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கூரை வரைக்கும் சுவர் உள்ள வீடு. எனக்கென்று ஒரு அறை, ஜன்னலோரம் மேசை, ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் நமுனுகுல மலை. இனி நாவல்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் மேசைக்குப் போனதும் மனைவி கதவைச் சாத்திவிட்டு, "அப்பா எழுதுறாரு" என்று, அதற்குள் எங்களுக்குப் பிறந்திருந்த மகளை அதட்டுவாள். வீடு அப்படியே அடங்கிவிடும். அந்த அடக்கத்தில் உட்கார்ந்து நான் தாளைப் பார்ப்பேன். தாள் என்னைப் பார்க்கும்.

முதலில் ஓரளவு எழுதினேன். வழக்கம்போல் வாசித்தும் காட்டினேன். "நல்லா இருக்குங்க" என்றாள். நன்றாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. எங்கே நன்றாக இல்லை என்பதுதான் தெரியவில்லை. ஒரு தடவை, வாசித்து முடித்ததும் அவள் கொஞ்சம் தயங்கி, "அக்கா இருந்தா இந்த இடத்தில ஏதாவது கேட்டிருப்பாங்க" என்றாள். "என்ன கேட்டிருப்பா?" என்றேன். "எனக்கெப்படிங்க தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சோறு பொங்கி வழிகிறதா பார்க்க எழுந்து போனாள். லயத்து ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நான் அதோடு விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் வாசித்துக் காட்டுவதும் நின்றது. பிறகு எழுதுவதும் நின்றது.

எழுத்து நின்றுபோனவன் செய்யும் கோமாளித்தனங்கள் எல்லாவற்றையும் செய்தேன். பேனாவை மாற்றினேன். மேசையைத் திருப்பிப் போட்டேன். காலையில் எழுதிப் பார்த்தேன், மாலையில் எழுதிப் பார்த்தேன். கடுங்கோப்பி குடித்தால் வரும் என்று ஒருவர் சொன்னார், வயிற்றெரிச்சல்தான் வந்தது. தோட்டத்துக்குப் போய்ப் பழைய லயத்தின் முன்னால் நின்று பார்த்தேன். நாய் குரைத்தது, திரும்பி வந்தேன். கூட்டங்களுக்கு அழைத்தார்கள். மலையகத்தின் மூத்த எழுத்தாளர் என்று அறிமுகம் செய்து பொன்னாடை போர்த்தினார்கள். இளைஞர்கள் பக்கத்தில் வந்து, "இப்ப என்ன சேர் எழுதுறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். "ஒரு நாவல் ஓடிக்கிட்டிருக்கு" என்றேன். எத்தனையோ வருஷமாக அது ஓடிக்கொண்டேயிருந்தது, எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படிக் கேட்பவர்களைக் கண்டால் சந்தைக்குள் புகுந்து வேறு வழியாகப் போகத் தொடங்கினேன். எழுத முடியாமல் போனது வேதனை என்றால், எழுதுகிறவனாக நடிப்பது அதைவிடப் பெரிய தனிமை. அந்த நடிப்பில் யாரையும் கூட்டுச் சேர்க்க முடியாது.

போன வருஷம் மனைவி இறந்துபோனாள். சளி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், வீட்டுக்குத் திரும்பிக் கூட்டிவரவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத மனம் ஒப்பவில்லை. கொழும்பில் வங்கியொன்றில் வேலை செய்யும் ஒரே மகள் காரியம் எல்லாம் முடிந்து திரும்பிப்போன பிறகு, வீட்டில் நான் மட்டும். அதட்டுவதற்கு ஆள் இல்லாமலே வீடு அடங்கிக் கிடந்தது. சாத்துவதற்கு ஆள் இல்லாததால் என் அறைக் கதவு திறந்தே இருந்தது. முதலாம் ஆண்டு நினைவு நெருங்கியபோது மகள் போனில் சொன்னாள்.

"அப்பா, வர்றவங்களுக்குக் குடுக்க ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கலாம். அம்மாவப் பத்தி ஒரு பக்கம் நீங்க எழுதித் தாங்க. வேற யாரு எழுதுறது?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது. ஊருக்கெல்லாம் எழுத்தாளன், பெண்டாட்டிக்கு ஒரு பக்கம் எழுத முடியாது என்று சொல்லலாமா. உட்கார்ந்தேன். நாள் கணக்கில் உட்கார்ந்தேன். அவளைப் பற்றி நினைத்தால் சுளகும், சாத்திய கதவும், 'நல்லா இருக்குங்க'வும் தவிர வேறெதுவும் வரவில்லை. இத்தனை காலம் கூட வாழ்ந்தவளைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியுமா என்ற பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் கண்டதையெல்லாம் எழுதினேன். இல்லறத்தின் விளக்கு, அடக்கத்தின் உருவம், கணவரின் எழுத்துப் பணிக்குத் துணை நின்றவர். அதை எடுத்துக்கொண்டு பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள அச்சகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நான் பையைத் திறப்பதற்குள், கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"சேர் கஷ்டப்பட வேணாம். மனைவிக்குன்னா இதுல ஏதாவது ஒண்ணப் பாருங்க. எல்லாம் ரெடியா இருக்கு. பேர மட்டும் போட்டாச் சரி."

பார்த்தேன். 'இல்லறத்தின் விளக்கே' என்று தொடங்கியது முதலாவது. இரண்டாவதில் அடக்கத்தின் உருவம் இருந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். என் பையிலிருந்த தாளை நான் வெளியே எடுக்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஸ்பிரிங்வெளி பஸ் நிற்பதைக் கண்டு ஏறி உட்கார்ந்தேன். எதற்கு ஏறினேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. பக்கத்துக் காம்பரா அக்காவிடம் ஒரு கேள்வி வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான். அவள் ஒரு கேள்வி கேட்டால் போதும், இந்தப் பக்கத்தையும் எழுதிவிடுவேன், அதற்குப் பிறகும் எழுதுவேன் என்று நோயாளி வைத்தியரை நம்புகிறது போல நம்பினேன். அவள் கேட்டும் எழுத வராவிட்டால், இந்த ஜென்மத்துக்கு எழுத்து அவ்வளவுதான் என்றும் முடிவு செய்திருந்தேன்.

அக்கா இப்போது லயத்தில் இல்லை. மேட்டில் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் மகனோடு இருக்கிறாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து டீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது, வாய் அப்படியேதான் இருந்தது. "வாடா தம்பி. பொண்டாட்டி இருந்தவரைக்கும் பாதை தெரியல, இப்பத்தான் தெரிஞ்சிச்சா?" என்று வரவேற்றாள். அவளும் மனைவியும் போனில் பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். செத்த வீட்டுக்கு வந்து எல்லோரையும் விடச் சத்தமாக அழுததும் அவள்தான். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். "வாசி பாப்பம்" என்று டீவியை நிறுத்தினாள். அந்தத் தாளை எடுத்து, முன்பு வாசித்ததைப் போலவே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இது யாரப் பத்தித் தம்பி?" என்று கேட்டாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேலி செய்யவில்லை.

"துணை நின்னாளா? நின்னா மட்டும்தானா?" என்றாள். "நீ என்ன நெனச்சிக்கிட்டிருக்க, நான் உன் கதைய எல்லாம் கேட்டேன்னா? விடிஞ்சதுலருந்து மலையில நின்னு கொழுந்து எடுத்திட்டு வந்து, சோத்த ஆக்கித் தின்னுட்டுப் படுத்தா நான் பொணம். நீ வாசிக்க ஆரம்பிச்சதும் அந்தச் சத்தத்துல இன்னும் நல்லாத் தூக்கம் வரும். மறுநாள் பிள்ளைக்குப் பால் குடுக்க பிள்ளைக்காம்பராவுக்குப் போவேன்ல, அவ கதை முழுசாச் சொல்லுவா. சொல்லிட்டு, அக்கா, இந்த இடம் எனக்குச் சரியாப் படல, இன்னைக்கு அவர்கிட்ட இதக் கேளுங்கன்னு சொல்லித் தருவா. நான் சாயந்திரம் கேப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச கதை."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினேன். அந்த ஆற்றில் விழுந்த பெண்ணைப் பற்றிக் கேட்டதும் அவளா என்று கேட்டேன். "எல்லாம் அவதான். நாலு வார்த்தை ஏசக்கூடாதான்னது மட்டும் நான் சேத்தது" என்றாள் அக்கா. அவளே என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எப்புடிக் கேப்பா? உன் காம்பராவுல பேசினா எனக்கு மட்டுமா கேக்கும்? கடைசிக் காம்பரா வரைக்கும் கேக்கும். விடிஞ்சா பீலியில தண்ணி பிடிக்கிற இடத்தில அதுதான் பேச்சு. வாத்தியாருக்கே பொண்டாட்டி பாடம் எடுக்கிறாடின்னு சிரிப்பாளுக. நீ பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைங்க முன்னாடி நிக்கணும்ல. நான் கேட்டா அது வேற. நான் யாரத்தான் கேக்கல? இவ வாய் இப்படித்தான்னு சிரிச்சிட்டுப் போயிருவாங்க. அதுக்குத்தான் என் வாய வாடகைக்கு எடுத்தா."

அது உண்மைதான். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். சுவருக்கு மேலே திறந்து கிடந்த அந்த இடைவெளியில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடலாம், அது எல்லா வீட்டிலும் நடப்பது. புருஷன் எழுதியது சரியில்லை என்று பெண்டாட்டி சொல்வது எங்கள் லயத்தில் அதுவரை யாரும் கேட்டிராத விஷயம். என் மானம் போகாமலும் கதை கெட்டுப்போகாமலும் இருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வழி அக்காவின் காம்பராவைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறது. கல் பொறுக்கிக்கொண்டே தன் கேள்வி சுவரைத் தாண்டி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்த ரொட்டிக் கதை?" என்று கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ சின்னப் பிள்ளையில கொழும்பில ஒரு வீட்ல வேலைக்கு இருந்தவதானே" என்றாள். அது எனக்கும் தெரியும். கலியாணம் பேசும்போது அவளுடைய அப்பா ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். நானும் போய்விட்டேன். நான் எழுதியது என் வகுப்பில் படித்து இடையில் நின்றுபோன ஒரு பிள்ளையை நினைத்து. "நீ வாசிச்ச மறுநாள் வந்து நின்னா. அக்கா, என்னைய ரயில் ஏத்திவிட்டுட்டு எங்கம்மா வீட்டுக்குப் போய் என்ன செஞ்சாங்களோ, எனக்குத் தெரியணும்னு இத்தனை நாளா மனசில கெடக்கு, அம்மா செத்தும் போயிட்டாங்க, இவரு எழுதினா எனக்குத் தெரிஞ்சிரும், கேட்டுத் தாங்கன்னா. நான் கேட்டேன். நீ எழுதின. அதுக்கு மறுநாள் பிள்ளைக்காம்பராவுல உக்காந்து ஒரு மூச்சு அழுதா. பசியோட இருந்திருப்பாங்க அக்கா, நான் போனதுல அவங்களுக்கு ஒரு நாளாவது வயிறு நெறஞ்சிருக்கும், இனி எங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்லைன்னா. அது சரின்னு அவர்கிட்ட சொல்லிருங்கன்னா."

அக்கா மறுபடியும் தேத்தண்ணி ஊற்றினாள். நான் எழுதியதிலேயே நல்லது என்று ஊர் சொல்கிற அந்த ஒரு பக்கம், என் மனைவி தன் தாயைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில். யார் கேட்டது என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன். டவுனுக்கு வந்த பிறகு, அக்கா இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது கேட்டிருப்பாங்க என்று அவள் சொன்னாளே, அன்று அவள் சுவர் இல்லாமல் பேசிப் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஆனால் எனக்கு அது கேட்கவில்லை. கற்பனை வற்றிவிட்டது, ஊற்று அடைத்துவிட்டது என்று மேடைகளில் நான் பேசிய அலங்காரங்களை நினைத்தபோது உடம்பு கூசியது. எதுவும் வற்றவில்லை. கேட்கிறவளுக்கு வழி இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்து அன்று சாயந்திரமே எழுதினேன். உடுப்பைக்கூட மாற்றவில்லை. விளக்கும் உருவமும் இல்லாமல், என் கதைகளைத் திருத்தியவள் என் மனைவி, அது எனக்கு அவள் இறந்த பிறகுதான் தெரியவந்தது என்று தொடங்கி, பிள்ளைக்காம்பரா, அக்கா, அந்த ரயில், ரொட்டி என்று போனது பக்கம். அவள் அதிகம் பேசமாட்டாள், பேச வேண்டியதை இன்னொருவரின் வாயில் வைத்துப் பேசினாள் என்று ஒரு வரியும் எழுதினேன். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு எழுதிய ஒன்றை அடித்துத் திருத்தாமல் முடித்தேன். போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டு, அவள் அழைப்பதற்காகப் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரிக் காத்திருந்தேன்.

அவள் அழைத்தாள். "அப்பா, இது அம்மா எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள். என்னிடமும் சொல்லவில்லை என்றேன். பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒரே ஒரு இடம்தான்ப்பா சரியாப் படல. சொல்லட்டா?"

"சொல்லு."

"அதிகம் பேசமாட்டாள்னு போட்டிருக்கீங்களே. யாருப்பா, எங்கம்மாவா? அம்மா பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்களே. நீங்க ரூம்ல எழுதிக்கிட்டிருக்கிற நேரமெல்லாம் குசினியில நாங்க ரெண்டு பேரும் கதைதான். அவங்க கொழும்பில இருந்தது, சின்னதில பூனாகலையில ஆடித் திரிஞ்சது, லயத்துல நடந்தது, சினிமா மாதிரி ஆள் ஆளா நடிச்சுச் சொல்லுவாங்க. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்கும். உங்களுக்குக் கேட்டிட்டா எழுத்துக் கெட்டுப்போயிரும்னு அம்மா பைப்பத் தொறந்து விட்டிருவாங்க."

பைப் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் வெறும் தாளின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது கேட்டுக்கொண்டே இருக்கும். குசினியில் பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைப்பேன். இவ்வளவு நேரமா கழுவுகிறாள் என்று சலித்தும் இருக்கிறேன்.

"என்ன சொல்லுவா?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. "எதச் சொல்றதுப்பா, எங்கருந்து சொல்றது" என்றாள்.

தாளை இழுத்து அந்த வரியை அடித்தேன்.

"எங்கருந்து வேணும்னாலும் சொல்லும்மா" என்றேன். "எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல."